அஞ்சு மட்டி

வந்து ஆறு நாள் ஆகியும் அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அறையின் மூலையில் எண்பது லிட்டர் தொட்டி. மூன்று பக்கமும் பழைய துண்டு போட்டு மறைத்திருந்தேன். உள்ளே மணல் கிடையாது, பாறை கிடையாது. நாலைந்து பிவிசி முழங்கை பைப்புகளும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மட்டும். அந்தப் பைப்புகளின் வாய்க்குள் தன் நீண்ட மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்தபடி மீன் சுற்றிக்கொண்டிருந்தது. இறால்போன்ற குட்டி உயிரான மைசிஸை ஃப்ரோசனாகப் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன், பக்கத்தில் விழுந்ததும் விலகிப் போனது. உயிருள்ள ஆர்டீமியா ஊற்றினேன். தொட்டி முழுக்க அவை துள்ளின, இது அவற்றுக்கு நடுவே எதையும் காணாததுபோல நீந்தியது. கண்ணுக்கு மேலே, நெற்றி ஓரத்தில், லேசாக ஒரு பள்ளம் விழத் தொடங்கியிருந்தது.

அந்தப் பள்ளம் பட்டினியின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனைப் பற்றித்தான் சொல்கிறேன். அறிவியல் பெயர் கெல்மன் ராஸ்ட்ரேட்டஸ். வெள்ளி பூசியதுபோன்ற உடம்பில், நெருப்புக்கும் செம்புக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தில், மேலிருந்து கீழாகப் பட்டைகள். முதல் பட்டை கண்ணின் மேலேயே ஓடுவதால் நிஜக் கண் எங்கே என்று சட்டென்று தெரியாது. அதற்குப் பதிலாக முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கறுப்பாக ஒரு பொய்க்கண், சுற்றிலும் வெளிர்நீல வளையம். கடிக்க வருகிற பெரிய மீன் வால் பக்கத்தைத் தலை என்று நினைத்துப் பாயும். இது எதிர்ப்பக்கமாகத் தப்பித்துப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மூக்கு. மூக்கு என்று நாம் சொன்னாலும் அது நீண்டுபோன வாய். நுனியில் ஒரு அரிசியைப் பிடிக்கிற அளவுக்குத்தான் திறப்பு. அந்தமான் கடலில் தொடங்கி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக ஜப்பானின் தென்கோடித் தீவுகள், ஆஸ்திரேலியா வரை இதன் வீடு.

லின்னேயஸ் 1758இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆனால் ஐரோப்பாவில் இதைப் பற்றிய ஒரு தவறான கதை ரொம்ப நாள் சுற்றியது. 1764இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஷ்லாஸர் என்பவர் ஒரு குறிப்பு வெளியிட்டார். படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை வீழ்த்தும் மீன் ஒன்று இருக்கிறது என்று எழுதி, கூடவே படமும் போட்டார். செய்தி நிஜம். படத்தில் இருந்தது காப்பர்பேண்ட். தண்ணீர் பீய்ச்சுவது டாக்சோட்டிஸ் என்கிற வேறொரு மீன். எப்படி மாறியது என்று ஊகிக்கச் சிரமம் இல்லை. இரண்டு மீனையும் பக்கத்தில் வைத்து, எது துப்பாக்கி வைத்திருக்கிறது என்று கேட்டால் யாரும் இந்த மூக்கைத்தான் காட்டுவார்கள்.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் இதற்கு முன் நான் இழந்த இரண்டு மீன்களில் இரண்டாவதை இழந்தது இதே மாதிரி ஒரு பிழையால்தான். அந்த வாய் எதற்காக இப்படி இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் மீன் வந்தது 2017இல். கொளத்தூரிலிருந்து திருவான்மியூர் வரை பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். கடைக்கே அன்று காலைதான் வெளிநாட்டுப் பெட்டி வந்திருந்தது. பிரிக்காத பையையே வாங்கிக்கொண்டேன். கடைத் தொட்டியில் விடாமல் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு அலைச்சல் குறையும் என்று நினைத்தேன். வீட்டில் எல்லாரும் சொல்லித்தந்த முறைப்படி, பையைத் திறந்து வாளியில் ஊற்றி, மெல்லிய ட்யூபில் முடிச்சுப் போட்டு, என் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டரை மணி நேரம். எவ்வளவு பொறுமையாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பினேன். அரை மணியிலேயே மீன் வேகவேகமாக மூச்சு வாங்கியது. பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை அது உயிரோடு இல்லை.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்னும் பலர் இதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

மூடிய பைக்குள் முப்பது, நாற்பது மணி நேரம் இருக்கிற மீன் இரண்டு பொருட்களை வெளியே விடுகிறது. ஒன்று கரியமில வாயு, இன்னொன்று அம்மோனியா. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஎச் அளவை இறக்கும். கடல் தண்ணீரின் பிஎச் சாதாரணமாக 8.1, 8.2 இருக்கும், பைக்குள் அது 7 வரைக்கும், அதற்குக் கீழேயும்கூடப் போகும். இந்த இறக்கம்தான் மீனைக் காப்பாற்றுகிறது. பிஎச் குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்கிற வடிவத்தில் இருக்கும். அது மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. பையைத் திறந்த கணத்திலிருந்து கதை மாறுகிறது. கரியமில வாயு காற்றில் போய்விடும், பிஎச் ஏறும், அம்மோனியம் மறுபடியும் நச்சு அம்மோனியா ஆகும். பிஎச் ஒரு படி ஏறினால் நச்சின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. அதில் நான் பிஎச் 8.2 உள்ள தண்ணீரையும் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பொறுமை என்று நினைத்து இரண்டரை மணி நேரம் அந்த மீனின் செவுள்களை நச்சில் ஊறவைத்திருக்கிறேன்.

ஒரே ஊருக்குள், கடைத் தொட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வருகிற மீனுக்குச் சொட்டு முறையால் பெரிய கெடுதல் இல்லை. விமானத்தில் வந்த பைக்கு அது ஆகாது. பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன்செய்து, திறந்த உடனே மீனை எடுத்துத் தனித் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

அப்படியானால் உப்பு அளவு? அது மூன்றாவது மீனின் கதையில் வரும்.

இரண்டாவது மீன் 2019. இந்தத் தடவை அம்மோனியா விஷயத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன். மீன் நல்லபடியாக இறங்கியது. ஆனால் நேராக நானூறு லிட்டர் பெரிய தொட்டியிலேயே விட்டேன். அங்கே ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் டாங்கும் இருந்தன. சாப்பாடு போட்டால் அந்த மூன்றும் முப்பது நொடியில் வழித்துவிடும். இது பாறை இடுக்கிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்து, யோசித்து, வெளியே வருவதற்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் அதிகமாகப் போட்டேன். அதையும் அவையே தின்றன. தண்ணீர் கெட்டதுதான் மிச்சம். பத்தொன்பதாவது நாள் அந்த மீனைக் கையில் எடுத்தபோது, பக்கவாட்டில் அழகாகத் தெரிந்த உடம்பு, மேலிருந்து பார்க்கையில் காகிதம்போல இருந்தது.

மூன்று வருடம் நான் வேறு மீன் வாங்கவில்லை. அந்த இடைவெளியில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தேன். கடலில் இந்த மீன் நாள் முழுக்க என்ன செய்கிறது? பவளத்திட்டின் இண்டு இடுக்குகளில், ஓட்டைகளில் மூக்கை விட்டு, குழாய்ப்புழுவின் தலையை, குட்டிக் குட்டி ஓட்டுயிர்களை இடுக்கி வைத்து எடுப்பதுபோல் எடுக்கிறது. கண்முன்னால் மிதந்து போகிற எதையும் துரத்திப் பிடிக்கும் பழக்கமே அதற்குக் கிடையாது. மேலிருந்து கொட்டுகிற சாப்பாடு அதற்கு மழைபோல, குப்பைபோல. அதைச் சாப்பாடு என்று அறியாத மீன் பிடிவாதத்தால் மறுப்பதாக நான் நினைத்திருந்தேன்.

வெளிநாட்டில் இதை வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைத் தொட்டியில் போடுகிறார்கள். அதில் புழுவும் பூச்சியும் நிறைந்திருக்கும், மீன் முதல் சில வாரம் அதை மேய்ந்தே ஓட்டிவிடும். நம்மிடம் அது கூடாது. கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரை எல்லாம் 2001இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த பாறை என்று யாராவது தந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். அந்தத் திட்டுகள் ஏற்கெனவே பட்ட பாடு போதும். என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறைதான். அதில் நுண்ணுயிர் குடியேறும், தண்ணீரைச் சுத்தம் செய்யும், ஆனால் காப்பர்பேண்டுக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. ஆகவே அந்தப் பாறையின் வேலையையும் நானே செய்ய வேண்டியிருந்தது.

2022, பொங்கல் முடிந்த வாரம். கடைக்காரர் போன் செய்தார். காப்பர்பேண்ட் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, தேறிவிட்டது, வந்து பாருங்கள் என்றார். போனேன். ஒரு மணி நேரம் நின்றேன். பத்து செ.மீ. இருக்கும். ரொம்பச் சின்னதாக இருந்தால் உடம்பில் சேமிப்பு இருக்காது, பெரிதாக இருந்தால் புதுச் சாப்பாடு பழகாது. பத்து, பன்னிரண்டு செ.மீ. நல்ல அளவு. மூக்கின் நுனியைப் பார்த்தேன். பையிலோ வலையிலோ இடித்து நுனி சிவந்திருந்தால், பிளந்திருந்தால் அது சாப்பிடாது. சுத்தமாக இருந்தது. நெற்றி ஓரம் நிறைவாக இருந்தது. கடைக்காரர் உயிருள்ள ஆர்டீமியா கொஞ்சம் ஊற்றினார், ஐந்தாறு கொத்தியது. எனக்கு அதைவிடப் பிடித்தது, யாரும் எதுவும் போடாதபோதும் அது ஒவ்வொரு மூலையாகப் போய் நோண்டிக்கொண்டிருந்தது. நோண்டுகிற மீனுக்கு வாழ்கிற எண்ணம் இருக்கிறது.

கிளம்பும் முன் கடைத் தொட்டியின் உப்பு அளவைக் கேட்டேன். ரிஃப்ராக்டோமீட்டரில் அவரே காட்டினார்: 1.020. பல கடைகளில் இப்படிக் குறைத்துத்தான் வைக்கிறார்கள். ஒட்டுண்ணிகள் கொஞ்சம் மட்டுப்படும், உப்புச் செலவும் குறையும். என் பெரிய தொட்டி 1.025. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். மீனுக்கு அப்படி இல்லை. கடல் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல் தண்ணீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் இருந்தும் அது தாகத்தோடு வாழ்கிற உயிர். கடல் தண்ணீரைக் குடித்துக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளித்தான் சமாளிக்கிறது. உப்பு குறைந்த தண்ணீரில் பழகியதைத் திடீரென்று அதிக உப்பில் விட்டால் உடம்பு வற்றும். அதிகத்திலிருந்து குறைவுக்குப் போவதை எளிதில் தாங்கும். குறைவிலிருந்து அதிகத்துக்கு ஏறுவதுதான் ஆபத்து.

இரண்டு மணி நேரச் சொட்டில் இதைச் சரிசெய்ய முடியாது. நாட்கணக்கு வேண்டும். ஆகவே மீனை மாற்றுவதை விட்டுவிட்டு, தண்ணீரை மாற்றினேன். வீட்டில் எண்பது லிட்டர் தனித் தொட்டியை முன்கூட்டியே 1.020இல் கலந்து வைத்திருந்தேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதமாகப் பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது அதனோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில், போட்டு, அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிரை அதில் குடியேற்றியிருந்தேன். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை எடுத்து உள்ளே விட்டேன். மொத்த வேலையும் அரை மணிகூட இல்லை. அதற்கப்புறம் தினமும் பத்து லிட்டர் எடுத்து, கொஞ்சம் உப்பு கூடிய பத்து லிட்டர் ஊற்றினேன். நாளுக்கு 0.001 ஏறினால் போதும். ஐந்தாறு நாளில் 1.025 வந்தது. மீன் எதையும் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தும், கடையில் ஆர்டீமியா கொத்திய மீன் என் வீட்டில் அதையும் மறுத்தது. ஆறு நாள்.

அன்று சாயங்காலம் தொட்டிக்கு எதிரே நான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"சாப்பிடுச்சா?"

"இல்லம்மா."

"நீ இப்படி மூஞ்சிக்கு நேரா உக்காந்து வாயையே பாத்துக்கிட்டிருந்தா யாருக்குத்தான் எறங்கும்? வெச்சுட்டு அந்தப் பக்கம் போடா."

சின்ன வயதில் புதிதாக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய அத்தை மகனுக்கு அம்மா இப்படித்தான் சோறு போட்டார். தட்டில் போட்டு வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் வேலை இருப்பதுபோலப் போய்விடுவார். அதை நான் மறந்தே போயிருந்தேன். துண்டு மறைக்காத நாலாவது பக்கத்தில் நானே ஆறு நாளாக ஒரு பெரிய மிருகம்போல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு முட்டுக்காடு போனேன். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி மட்டி எடுக்கிறவர்கள் சிலர் உண்டு. கரையில் ஒரு அக்கா கூடையைக் குலுக்கிச் சேறு அலசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மட்டி குடுப்பீங்களா?"

"எத்தினி கிலோ தம்பி?"

"அஞ்சு மட்டி போதும்க்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சா? அஞ்சு மட்டிய வெச்சு என்னா பண்ணுவ?"

"வீட்ல மீன் வளக்கறேன். சாப்பிடாம கெடக்கு. இதுன்னா தின்னும்னு சொன்னாங்க."

"எந்த மீனு?" என்றார். மூக்கின் நீளத்தை விரலால் காட்டினேன். "மூக்கு நீட்டமா இருந்தா நோண்டித்தான் தின்னும். மூடுன மட்டியா பாத்து எடு, வாய் பொளந்தது செத்தது" என்று சொல்லி, அவரே பொறுக்கி ஏழு கொடுத்தார். காசு வாங்கவில்லை. "தின்னுச்சான்னு வந்து சொல்லு."

வீட்டுக்கு வந்து மட்டியை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டேன். மெல்லிய கத்தியை இரண்டு ஓட்டுக்கும் நடுவே விட்டு, ஓட்டை மூடிப் பிடித்திருக்கும் தசையை இரண்டு பக்கமும் அறுத்தேன். மேல் ஓடு கழன்றது. சதை முழுசாகக் கீழ் ஓட்டில் இருந்தது, ஈரமாக, ஓரம் லேசாகச் சுருங்கியபடி. அதை பிவிசி பைப்பின் வாயில், பாதி உள்ளே பாதி வெளியே, ஒரு இடுக்கில் இருப்பதுபோல் செருகி வைத்தேன். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ ஓடவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நாற்பது நிமிடம் கழித்துப் போனில் பார்த்தேன். முதல் பதினொரு நிமிடம் மீன் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் எதிர் மூலையில் நின்றபடி உடம்பைத் திருப்பி, ஒரு கண்ணால் பார்த்தது. கொஞ்சம் கிட்டே வந்தது. மறுபடி திரும்பி, இன்னொரு கண்ணால் பார்த்தது. ஒரு விரல் தூரத்தில் நின்று, மார்புத் துடுப்பு இரண்டையும் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு, அந்தரத்தில் அசையாமல் நின்றது. முதுகுத் துடுப்பின் முள்கள் விறைத்து எழுந்தன. தலை மெல்லத் தாழ்ந்தது. மூக்கு நுனி சதையின் ஓரத்தைத் தொட்டது, உடனே பின்வாங்கியது. மறுபடி வந்தது. இந்தத் தடவை ஓரத்தில் ஒரு நூல் அளவு பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அந்த நூல் உள்ளே போனது.

நான் கூடத்தில் நின்று அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே தின்னும்" என்றார்.

தின்றது. சாயங்காலத்துக்குள் ஓடு பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: மட்டியை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பதுதான் முறை. சின்னத் தொட்டியில் அது அழுகினால் ஒரே இரவில் அம்மோனியா எகிறும். அன்று நான் ஆசையில் கூடுதல் நேரம் விட்டேன், ராத்திரி பதினைந்து லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டியதாயிற்று.

மட்டியிலேயே மீனை வைத்திருக்கவும் முடியாது. பச்சை மட்டிச் சதையில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமின் என்கிற பி1 வைட்டமினை அழித்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்கிற மீனுக்கு நரம்புத் தளர்ச்சி வரலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி போகாது. ஆகவே மட்டியிலிருந்து மைசிஸுக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். நான் செய்தது இதுதான். நாலாவது மட்டியைத் திறந்தபோது சதைக்கு நடுவே நாலைந்து மைசிஸைச் செருகினேன். கொத்திக் கொத்தித் தின்கையில் அதுவும் சேர்ந்து போனது. அடுத்த தடவை சதை பாதி, மைசிஸ் பாதி. அடுத்த வாரம் சதையே இல்லாத காலி ஓட்டில், மட்டித் தண்ணீரில் ஊறவைத்த மைசிஸை விரலால் அழுத்தி வைத்தேன். மீன் வந்தது, ஒரு கண்ணால் பார்த்தது, இன்னொரு கண்ணால் பார்த்தது, தின்றது. ஓட்டைக் கண்டால் சாப்பாடு என்று அதற்குப் பதிந்துவிட்டிருந்தது. பதினெட்டாவது நாள் ஓட்டிலிருந்து வழுக்கி மிதந்த ஒரு மைசிஸை முதல்முறையாக அது தண்ணீரிலேயே எட்டிப் பிடித்தது.

சாப்பாட்டைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் பசி எடுக்கும் என்று பலர் சொல்வார்கள். நானும் இரண்டாவது மீனுக்குச் செய்து பார்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடலில் பூண்டு வாசனையைத் தேடிப் போகிற மீன் எது? மட்டியின் வாசனைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆர்டீமியா பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வளர்கிற உயிர் அது. இறால் குஞ்சுப் பண்ணைகளுக்கு அதன் முட்டை இல்லாமல் காலம் ஓடாது. பொரித்த உடனே குஞ்சுக்குள் மஞ்சள் கருவின் சத்து இருக்கும். வளர்ந்த ஆர்டீமியாவில் அவ்வளவு சத்து கிடையாது, பாசியையோ எண்ணெய்ச் சத்தையோ ஊட்டிக் கொடுத்தால்தான் பயன். சும்மா அதைப் போட்டுவிட்டு மீன் சாப்பிடுகிறது என்று நிம்மதியாக இருந்தால், சாப்பிட்டுக்கொண்டே மீன் இளைக்கும்.

ஆறு வாரம் அந்தத் தொட்டியில் வைத்திருந்தேன். அதற்குள் வெள்ளைப்புள்ளி, செவுள் புழு ஏதும் தலைகாட்டுகிறதா என்று பார்த்தேன். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது நேராக விடவில்லை. துளைகள் போட்ட ஒரு அக்ரிலிக் பெட்டியைப் பெரிய தொட்டிக்குள் தொங்கவிட்டு, அதில் ஐந்து நாள். டாங்கு வந்து முறைத்தது, வாலால் பெட்டியை அடித்தது, மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டது. பெட்டிக்குள் மீனோடு சேர்த்து அந்த மட்டி ஓட்டையும் போட்டிருந்தேன். வீடு மாறினாலும் தட்டு மாறவில்லை.

திறந்துவிட்ட பிறகு இரண்டாவது மீனிடம் செய்த தவறைச் செய்யவில்லை. முதலில் தொட்டியின் இடது ஓரத்தில் மற்ற மீன்களுக்குப் போடுவேன். எல்லாம் அங்கே கூடியதும், நீள ட்ராப்பரால் வலது ஓரத்தில் இருக்கிற ஓட்டுக்குள்ளும் பாறை ஓட்டைகளுக்குள்ளும் மைசிஸைச் செலுத்துவேன். டாங்கின் வாய் அந்த ஓட்டைகளுக்குள் போகாது. காப்பர்பேண்டின் வாய் போகும். ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம்தான். மத்தியான வேளை அம்மாவுடையது. எப்போதோ ஒரு நண்பர் தந்த பாசிக் கொத்தோடு வந்து பாறையெங்கும் பரவியிருந்த ஐப்டேசியாவை, நான் இரண்டு வருடம் ஊசி போட்டும் அழியாத அந்தப் பழுப்பு அனிமோனை, இரண்டு மாதத்தில் ஒன்று விடாமல் தின்று தீர்த்தது. எல்லா காப்பர்பேண்டும் தின்னாது. அதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாற்பது மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டினேன். சாப்பாட்டை முழுக்க நிறுத்தினேன். சாப்பிட்டால் கழிவு, கழிவென்றால் அம்மோனியா. பட்டினியிலிருந்து மீட்ட மீனுக்கு நானே இரண்டு நாள் சாப்பாடு தராமல் இருந்தது கஷ்டமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முதல் வருடம் வேண்டாம். கோமாளி மீனை மண்டபம் ஊரில் உள்ள ஆராய்ச்சி மையத்தில் நம் ஆட்களே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். அதில் தொடங்குங்கள். கடைக்கு வருகிற காப்பர்பேண்ட் கடலில் பிடித்தது. எங்கோ ஒரு திட்டில் சுதந்திரமாக நோண்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து நம்மிடம் அனுப்புகிறார்கள். அதிலும் சில இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிப்பது உண்டு. அப்படி வந்தது எத்தனை மட்டி வைத்தாலும் தேறாமல் போகலாம். எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் வலையால் பிடித்தது என்றால் விலை கூடுதலாக இருக்கும், அதைக் கொடுத்து வாங்குங்கள். தனித் தொட்டியும் ஆறு வாரமும் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே அந்த மீனுக்கு நாம் செய்கிற நல்லது. என் முதல் இரண்டு மீன்களுக்கு நான் அதைச் செய்யவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

முட்டுக்காடு அக்காவிடம் அடுத்த ஞாயிறே போய்ச் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கடைசி வரைக்கும் பார்த்தார். இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். அஞ்சு மட்டிதான் கேட்பேன். ஏழு கிடைக்கும்.

அந்த முதல் ஓடு இன்னும் தொட்டியில் இருக்கிறது. மேலே இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து பாறையோடு ஒட்டிப்போய்விட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் பாறையில் ஒரு குழி என்றுதான் நினைப்பார்கள். காலையில் நான் அறை விளக்கைப் போட்டதும் மீன் எங்கே இருந்தாலும் அங்கே வந்து நிற்கும். ஒரு கண்ணால் ஓட்டைப் பார்க்கும். திரும்பும். இன்னொரு கண்ணால் என்னைப் பார்க்கும்.